பி.காம். படித்த பிள்ளை டேட்டாபேஸ் டெவலப்பர் ஆகலாமா? 65 ஆயிரம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கல்லூரி முடித்த பிள்ளையோ, முடிக்கப்போகிற பிள்ளையோ இருந்தால் பொறுமையாகப் படியுங்கள். மற்றவர்கள் தாண்டிப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன மாதத்தில் மட்டும் மூன்று பெற்றோர்கள் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "சார், பையன் பி.காம். முடிச்சிட்டான். டேட்டாபேஸ் டெவலப்பர் கோர்ஸ்னு ஒண்ணு, ஆறு மாசம், 65 ஆயிரம் கேக்குறாங்க. முடிச்சா நூறு சதவீதம் வேலைன்னு எழுதியே தர்றாங்களாம். சேத்துவிடலாமா?" ஒருவர் வீட்டம்மாவின் நகையை அடகு வைக்கும் யோசனையில் இருந்தார். இன்னொருவர் 10 ஆயிரம் முன்பணம் கட்டிவிட்டு வந்துதான் கேட்டார்.

மூவருக்கும் சொன்னது ஒன்றுதான். வேலை நல்ல வேலை. உங்கள் பிள்ளையால் முடியும். ஆனால் அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். ஏன் என்று போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் கணினி வாத்தியார் இல்லை. 32 வருடம் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்குப்பதிவியல் நடத்தியவன். ஓய்வுக்குப் பிறகு பொழுது போகாமல் டேட்டாபேஸ் படிக்க உட்கார்ந்தேன். இந்த வேலையில் இருக்கிற என் பழைய மாணவர்கள் ஏழெட்டுப் பேர்தான் எனக்கு வாத்தியார்கள். பேரேடு நடத்தியவனுக்கு இதில் இத்தனை விஷயம் பழக்கமானதாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதனால்தான் இவ்வளவு உறுதியாகப் பேசுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். டேட்டாபேஸ் வேலை என்றால் பல பெற்றோருக்கு டேட்டா என்ட்ரி என்றுதான் காதில் விழுகிறது. சீட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்கிற வேலை அது. டேட்டாபேஸ் டெவலப்பர் வேறு. ஒரு நிறுவனத்தின் விவரங்களை எந்தெந்தப் பட்டியலில், எப்படிப் பிரித்து வைப்பது என்று தீர்மானிப்பவர். அந்தப் பட்டியல்களிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்குபவர். திரையில் நீங்கள் ஒரு பட்டனை அழுத்தினால் பின்னால் கணக்கு சரியாகப் பதிவாக வேண்டிய வேலையை எழுதி வைப்பவர். அந்தத் தளத்தைப் பாதுகாத்து, பேக்கப் எடுத்து, யாருக்கு எதைப் பார்க்க அனுமதி என்று கவனிக்கிறவர் அட்மினிஸ்ட்ரேட்டர். இருக்கிற விவரங்களை அலசி மேலாளருக்கு அறிக்கை கொடுப்பவர் அனலிஸ்ட். பெரிய கம்பெனியில் மூவரும் தனித்தனி. சின்னக் கம்பெனியில் மூவரும் ஒரே பையன், சில சமயம் பிரிண்டர் பழுது பார்ப்பதும் அவனே.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். 1970-இல் எட்கர் காட் என்பவர் பதினோரு பக்கக் கட்டுரை ஒன்று எழுதினார். இங்கிலாந்துக்காரர், ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் படித்தவர், அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை. அதுவரை கணினியில் இருக்கும் விவரத்தை எடுக்க வேண்டுமானால், அது எந்த மூலையில் எந்த வரிசையில் கிடக்கிறது, எதிலிருந்து எதற்குப் போனால் கிடைக்கும் என்று புரோகிராம் எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இவர் சொன்னது: எல்லாவற்றையும் வரிசையும் பத்தியுமாக அட்டவணைகளில் வையுங்கள், என்ன வேண்டும் என்று மட்டும் கேளுங்கள், எப்படி எடுப்பது என்பது இயந்திரத்தின் பாடு. 1974-இல் அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் அப்படிக் கேட்பதற்கு ஒரு மொழியை உருவாக்கினார்கள். அதுதான் இன்றைய எஸ்க்யூஎல். கணினிப் பயிற்சி இல்லாதவர்களும் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கமே. ஐம்பது வருடம் கழித்தும் அந்த மொழிக்குத் தேவை குறையவில்லை. கணினி உலகத்தில் ஐம்பது வருடம் தாக்குப்பிடித்த சரக்கு எத்தனை இருக்கிறது, யோசித்துப் பாருங்கள்.

இன்ஜினியரிங் படித்தவனுக்குத்தான் ஐடி என்று நினைக்கிற பி.காம். பிள்ளைகளுக்கு இன்னொன்று சொல்கிறேன். டேட்டாபேஸில் 'டிரான்சாக்‌ஷன்' என்று ஒரு பாடம் வரும். நடந்தால் முழுதாக நடக்க வேண்டும், இல்லையென்றால் எதுவுமே நடக்காதது போலப் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். ஒரு கணக்கில் 500 ரூபாய் குறைந்து, மறு கணக்கில் ஏறுவதற்குள் கரன்ட் போனால் என்ன ஆகும்? பாதியில் நிற்கக் கூடாது. இதை இன்ஜினியரிங் மாணவர்கள் புதிதாகக் கற்கிறார்கள். நீங்களோ பற்று ஒன்று இருந்தால் வரவு ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று பதினோராம் வகுப்பிலேயே படித்துவிட்டீர்கள். அதே மாதிரி, இரண்டு வங்கிகள் சம்பந்தப்படும்போது இரண்டு தனித்தனி டேட்டாபேஸ்கள். இங்கே பிடித்த பணம் அங்கே சேராமல் தொங்குவது உண்டு. பிறகு இரண்டு பக்கப் பதிவையும் ஒப்பிட்டுச் சரி செய்வார்கள். வங்கிச் சரிகட்டும் பட்டியல் போட்ட பிள்ளைக்கு இது புதிதா? பெயர்தான் புதிது.

என் மாணவி ஒருத்தி கதையைச் சொன்னால் இன்னும் விளங்கும். பி.காம்.தான், கணினிப் பட்டம் இல்லை. அவளுடைய மாமா எங்கள் ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். எஸ்க்யூஎல் ஓரளவு படித்ததும், மாமா கடைக்கு ஒரு டேட்டாபேஸ் போட்டுப் பழகுகிறேன் என்று ஆரம்பித்தாள். முதலில் அவள் போட்டது ஒரே ஒரு அட்டவணை. பில் நம்பர், தேதி, வாங்கியவர் பெயர், மருந்து, எண்ணிக்கை, விலை, மொத்தம். எக்ஸெல் மாதிரி. என்னிடம் காட்டினாள். "இதை எடுத்துக்கிட்டு மூணு ஞாயிற்றுக்கிழமை மாமா கல்லாவுக்குப் பின்னாடி உக்காரும்மா, அப்புறம் பேசலாம்" என்றேன்.

முதல் ஞாயிறே சிக்கல். ஒரே மாத்திரை, அலமாரியில் இரண்டு பேட்ச். இரண்டுக்கும் காலாவதி தேதி வேறு, அச்சடித்த விலையும் வேறு. அப்படியானால் இருப்பு என்பது மருந்துக்குச் சொந்தமில்லை, பேட்ச்சுக்குச் சொந்தம். ஒரு அட்டவணை இரண்டாகப் பிரிந்தது. அடுத்தது, ஒருவர் வந்து நாலு மாத்திரை போதும் என்கிறார். மாமா அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுக்கிறார். இருப்பை அட்டைக் கணக்கில் வைத்தால் மீதி ஆறு மாத்திரையை எங்கே எழுதுவது? மாத்திரைக் கணக்கிலேயே இருப்பு வைத்து, ஓர் அட்டைக்கு எத்தனை என்பதை மருந்தோடு சேர்த்து எழுதினாள். சிரப்புக்கு பாட்டில்தான் அலகு, அதை வெட்ட முடியாது.

இரண்டாவது ஞாயிறு, காலாவதி நெருங்கும் சரக்கை மொத்த விற்பனையாளருக்குத் திருப்பி அனுப்பினார்கள். இது விற்பனையும் இல்லை, கொள்முதலும் இல்லை. ஆனால் இருப்பு குறைகிறது, வர வேண்டிய தொகை ஏறுகிறது. தனி அட்டவணை. மூன்றாவது ஞாயிறு கடன் நோட்டு கைக்கு வந்தது. அதில் பாதிப் பேருக்குப் பெயரே இல்லை. "மாடி வீட்டு அக்கா", "பேங்க் தம்பி", "பால்காரர் மருமகள்". சரி, செல்போன் நம்பரை அடையாளமாக வைக்கலாம் என்றால் ஒரு வீட்டில் நாலு பேருக்கு ஒரே நம்பர். ஒரு மனிதரை இன்னார் என்று தவறில்லாமல் அடையாளம் காட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பது பாடப் புத்தகத்தில் 'பிரைமரி கீ' என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அவளுக்கு அது ஒரு வாரம் எடுத்தது.

கடைசியில் ஒன்பது அட்டவணை. அதை வைத்து அவள் எழுதிய ஒரு கேள்வியைத்தான் மாமா பெரிதாக மதித்தார்: அடுத்த 90 நாளில் காலாவதியாகும் பேட்ச்கள் எவை, எத்தனை இருக்கிறது, எந்த விற்பனையாளரிடம் வாங்கியது? அதுவரை அலமாரி அலமாரியாகப் பார்த்து, சிலது தவறிப்போய், குப்பைக்குப் போய்க்கொண்டிருந்த சரக்கு அது.

கோவையில் மருத்துவமனை மென்பொருள் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் இன்டர்வியூ. பாதி நேரம் இந்த மருந்துக்கடையைப் பற்றித்தான் கேட்டார்களாம். "மருந்து பேட்ச்சிலேயே விலை இருக்கே, பில்லிலும் எதுக்குத் திரும்ப விலையை எழுதி வச்சீங்க? ஒரே விவரம் ரெண்டு இடத்துல இருக்கக் கூடாதுன்னு படிச்சிருப்பீங்களே?" இவள் சொன்ன பதில்: "சார், கல்லாவுல பேரம் பேசிக் குறைச்சுக் கொடுத்த விலை பில்லுக்குச் சொந்தம். நாளைக்குப் பேட்ச் விலையை யாராவது திருத்தினா போன வருஷ பில்லு மாறிடக் கூடாது." வேலை கிடைத்தது. முதல் சம்பளம் 16 ஆயிரம். கோவையில் ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் போனது போக வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வருடம் வேறு கம்பெனிக்கு மாறிய பிறகுதான் நிமிர்ந்தாள். முதல் நாளே அள்ளிக் கொடுக்கிற வேலை என்று யாராவது சொன்னால் அவர் எதையோ விற்கிறார்.

இந்த மூன்று ஞாயிற்றுக்கிழமையை எந்த 65 ஆயிரம் ரூபாய் கோர்ஸும் தருவதில்லை. அங்கே எல்லோருக்கும் ஒரே உதாரணம், ஒரே புராஜெக்ட், ஒரே ரெஸ்யூம். இன்டர்வியூ எடுக்கிற என் மாணவன் ஒருவன் சொல்கிறான், ஒரே நாளில் ஆறு பேர் ஒரே நூலக மேலாண்மை புராஜெக்ட்டோடு வந்தார்களாம், எழுத்துப் பிழை உட்பட அப்படியே.

சரி, எதை எங்கே படிப்பது? பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் பாடநூலில் டேட்டாபேஸுக்கும் எஸ்க்யூஎல்லுக்கும் தனித்தனிப் பாடங்கள் இருக்கின்றன. தமிழ் வழியிலும் இருக்கிறது, இணையத்தில் இலவசம். அங்கே ஆரம்பியுங்கள், கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. அடுத்தது என்பிடெல். ஐஐடி பேராசிரியர்களின் டேட்டாபேஸ் வகுப்புகளை இலவசமாகப் பார்க்கலாம். தேர்வெழுதிச் சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் கட்டணம். உலகம் முழுவதும் கல்லூரிகளில் வைத்திருக்கும் பாடநூல் ஒன்றின் ஆசிரியர்கள் மூவர்: சில்பர்ஷாட்ஸ், கோர்த், சுதர்சன். மூன்றாமவர் மும்பை ஐஐடி பேராசிரியர். அந்த நூலுக்கான வகுப்புக் குறிப்புகளையும் இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறார்கள். இங்கிலீஷ்தான். மெதுவாகப் படியுங்கள். இந்தத் தொழிலில் பேச்சு இங்கிலீஷ் சுமாராக இருந்தால் சமாளித்துவிடலாம், படித்துப் புரிந்துகொள்ளும் இங்கிலீஷ் கட்டாயம் வேண்டும்.

மென்பொருளுக்கும் காசு வேண்டாம். போஸ்ட்கிரெஸ் என்று ஒன்று, 1986-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆய்வில் பிறந்தது. இன்று பெரிய நிறுவனங்களே பயன்படுத்துகிறார்கள், முழுக்க இலவசம். புது லேப்டாப் இல்லையா? அரசு கொடுத்த பழைய லேப்டாப் பரணில் இருக்கும், எடுத்துத் தூசி தட்டுங்கள். எஸ்க்யூலைட் அதில் தாராளமாக ஓடும். உங்கள் கையில் இருக்கும் செல்போனுக்குள்ளேயே அது ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆரக்கிளா, மைஎஸ்க்யூஎல்லா, மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரா, எதைப் படிப்பது என்று ஒரு மாதம் யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். டிவிஎஸ் வண்டி ஓட்டத் தெரிந்தவன் ஹோண்டா ஓட்ட ஒரு நாள் தடுமாறுவான், அவ்வளவுதான்.

தினம் இரண்டு மணி நேரம், ஐந்தாறு மாதம். முதல் இரண்டு மாதம் கேள்வி கேட்கப் பழகுவதிலேயே போகட்டும். இரண்டு அட்டவணையை இணைப்பது, தொகுத்துக் கூட்டுவது இரண்டும் கைவந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அப்புறம் 'நல்' என்கிற விவகாரம். ஒரு கட்டத்தில் விவரம் இல்லை என்பதற்கு அந்தப் பெயர். ஆசிரியர்களுக்கு இது உடனே புரியும். மதிப்பெண் பட்டியலில் ஆப்சென்ட் வேறு, பூஜ்யம் வேறு. 40 பேரில் 2 பேர் பரீட்சைக்கே வரவில்லை என்றால் வகுப்புச் சராசரியை 38-ஆல் வகுப்பதா, 40-ஆல் வகுப்பதா? எஸ்க்யூஎல் சராசரி போடும்போது 'நல்' இருக்கும் வரிசைகளை விட்டுவிட்டு 38-ஆல்தான் வகுக்கும். வராதவர்களுக்கு யாரோ பூஜ்யம் போட்டு வைத்திருந்தால் சத்தமே இல்லாமல் 40-ஆல் வகுக்கும். எது சரி என்று அதற்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிய வேண்டும்.

பிறகு அட்டவணை வடிவமைப்பு, பிறகு இண்டெக்ஸ். புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லகராதி மாதிரிதான் இண்டெக்ஸ்; தேடுவது வேகமாகும், ஆனால் புதுப் பக்கம் சேர்க்கும்போதெல்லாம் அதையும் திருத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் இண்டெக்ஸ் போட்டுவிடுகிற பையன்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஒரு கேள்விக்கு டேட்டாபேஸ் எந்த வழியில் பதில் தேடுகிறது என்று 'எக்ஸ்ப்ளெய்ன்' போட்டால் அதுவே காட்டும். பத்து வரிசையை வைத்துக்கொண்டு இதைப் படிக்க முடியாது, பத்து லட்சம் வரிசையை நீங்களே உற்பத்தி செய்துகொண்டு பாருங்கள். பேக்கப் எடுத்து, வேறொரு கணினியில் அதைத் திரும்ப ஏற்றியும் பாருங்கள். எடுப்பவர்கள் நிறைய, ஏற்றிப் பார்த்தவர்கள் குறைவு.

ஒரு பழக்கத்தை மட்டும் முதல் நாளிலிருந்தே கைக்குக் கொண்டுவாருங்கள். அழிக்கிற கட்டளையில் எதை அழிப்பது என்கிற நிபந்தனையை எழுத மறந்தால் மொத்த அட்டவணையும் காலி. மறுபடி கேட்காது, "நிச்சயமா?" என்று விசாரிக்காது. அதனால் முதலில் அதே நிபந்தனையோடு எத்தனை வரிசை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். டிரான்சாக்‌ஷனைத் திறந்து வைத்துக்கொண்டு அழியுங்கள். எண்ணிக்கை ஒத்துப்போனால் மட்டும் 'கமிட்'.

"ஏஐ வந்திருச்சே சார், இதையெல்லாம் அதுவே எழுதிடுமே?" என்று கேட்பீர்கள். எழுதுகிறது. நானே எழுதச் சொல்லிப் பார்க்கிறேன், நன்றாகவே எழுதுகிறது. என் கவலை வேறு. ஒரு பில், மூன்று பொருள், மொத்தம் 900 ரூபாய். வாங்கியவர் இரண்டு தவணையாக 500-ம் 400-ம் கட்டிவிட்டார். பில், பொருள், தவணை மூன்று அட்டவணையையும் கவனிக்காமல் ஒன்றாக இணைத்தால் மூன்று பொருளும் இரண்டு தவணையும் ஒன்றோடொன்று சேர்ந்து ஆறு வரிசை வரும். வசூல் எவ்வளவு என்று கூட்டினால் 2,700 ரூபாய் என்று காட்டும்! பிழைச் செய்தி எதுவும் வராது. எழுதியது மனிதனானாலும் இயந்திரமானாலும் இதே கதைதான். 900 ரூபாய் பில்லுக்கு 2,700 வசூலா என்று சட்டென்று நெற்றி சுருங்குகிற ஆள் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். இருப்பாய்வில் ஒரு ரூபாய் உதைத்ததற்கு ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து தேடிய பிள்ளைக்கு அந்தச் சுருக்கம் இருக்கும். வெறுமனே கட்டளைகளை மனப்பாடம் செய்தவனுக்கு வேலை குறையும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். முன்பு ஐந்து பேர் செய்த அறிக்கை வேலையை இப்போது இரண்டு பேர் செய்கிறார்கள் என்று என் மாணவர்களே சொல்கிறார்கள். அதனால்தான் கட்டளை படித்தால் போதாது, ஒரு தொழிலின் கணக்கைப் படியுங்கள் என்று தலையில் அடித்துக்கொள்கிறேன்.

இனி எழுதப்போவதுதான் இந்தப் பதிவை எழுதத் தூண்டியது. அந்த "நூறு சதவீத வேலை" எப்படி வருகிறது தெரியுமா? சில இடங்களில், எல்லா இடத்திலும் என்று சொல்லவில்லை, கோர்ஸ் முடிந்ததும் மேற்கொண்டு ஒரு தொகை வாங்கிக்கொண்டு, இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்ததாக அனுபவச் சான்றிதழ் தயார் செய்து கொடுக்கிறார்கள். சம்பள ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் செட்டாக. "எல்லாரும் இப்படித்தாம்மா போறாங்க, புதுசா வர்றவனுக்கு யாரு வேலை கொடுக்குறா" என்று பிள்ளையின் அம்மாவிடமே தைரியமாகப் பேசுகிறார்கள்.

என்னிடம் படித்த பையன் ஒருவன் அப்படித்தான் போனான். நல்ல பையன், சூட்டிகையானவன். வேலையும் நன்றாகத்தான் பார்த்திருக்கிறான். எட்டாவது மாதம் பின்னணிச் சரிபார்ப்பில் மாட்டினான். பி.எஃப். கணக்கின் யுஏஎன் நம்பரில் எந்தெந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தோம் என்பது வரிசையாகப் பதிவாகியிருக்கும். அவன் மூன்று வருடம் வேலை பார்த்ததாகச் சொன்ன கம்பெனி அதில் இல்லை. அன்றே வெளியே அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அந்த எட்டு மாத உண்மையான அனுபவத்தைக்கூட அவனால் ரெஸ்யூமில் எழுத முடியவில்லை. எழுதினால் பழைய கம்பெனியிடம் கேட்பார்கள். இப்போது அப்பாவின் கடையில் இருக்கிறான். கடைவீதியில் என்னைப் பார்த்தால் பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுகிறான். அவனுக்குச் சான்றிதழ் விற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, போர்டு பெரிதாகியிருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். ஒரு நிறுவனத்தின் பதிவேடு பொய் சொல்லக் கூடாது என்று பார்த்துக்கொள்ளும் வேலைக்கு, பொய்யான பதிவோடு உள்ளே போகச் சொல்கிறார்கள். இதில் எனக்கு வளைந்து கொடுக்கிற அபிப்பிராயமே கிடையாது. பிள்ளை இரண்டு வருடம் சும்மா இருந்தாலும் பரவாயில்லை, இதைச் செய்யாதீர்கள். அதே போல, ஒரிஜினல் சான்றிதழ்களைக் கோர்ஸ் நடத்துகிறவரிடமோ கன்சல்டன்சியிடமோ ஒப்படைக்காதீர்கள். வேலைக்கு முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்படியானால் புதிதாக வருகிறவனுக்கு உண்மையிலேயே கதவு எங்கே இருக்கிறது? பெரிய கம்பெனி வாசலில் மட்டும் நிற்காதீர்கள். மருத்துவமனை மென்பொருள், பள்ளி மென்பொருள், பனியன் கம்பெனிகளுக்கும் மில்களுக்கும் மென்பொருள் செய்து தருகிற சின்னக் கம்பெனிகள் கோவை, திருப்பூர், மதுரை என்று இருக்கின்றன. அங்கே முதல் வேலை பெரும்பாலும் சப்போர்ட், அல்லது அறிக்கை தயாரித்துக் கொடுப்பது. "ஜூலை மாத ஸ்டாக் ரிப்போர்ட் தப்பா வருது" என்று வாடிக்கையாளர் திட்டுவதைக் கேட்டு, எங்கே தப்பு என்று தேடுகிற வேலை. கௌரவமாகத் தெரியாது. ஆனால் அடுத்தவர் போட்ட அட்டவணைகளைப் படித்துப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. மத்திய அரசின் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம் இருக்கிறது, பி.காம்., பி.எஸ்சி. பட்டதாரிகளும் இணையத்தில் பதிவு செய்யலாம், உதவித்தொகையும் உண்டு. தென்மாநிலங்களுக்கான வாரியம் சென்னை தரமணியில். கல்லூரியில் இன்னும் படிக்கிற பிள்ளைகள், தமிழக அரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் தங்கள் கல்லூரிக்கு என்ன பயிற்சி வந்திருக்கிறது என்று கேளுங்கள். கேட்காமலே மூன்று வருடம் முடித்துவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர்.

பெண் பிள்ளைகளின் பெற்றோர் கேட்கிற கேள்வி, ராத்திரி வேலை இருக்குமா என்பது. இருக்கும், சில நேரம். புது மாற்றங்களை ஏற்றுவது பெரும்பாலும் வாடிக்கையாளர்கள் தூங்குகிற நேரத்தில்தான். நிறைய இடங்களில் அதை வீட்டிலிருந்தே செய்கிறார்கள். சேரும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், இதற்காக வேலையே வேண்டாம் என்று நிறுத்திவிடாதீர்கள்.

பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. அந்த மருந்துக்கடை டேட்டாபேஸில் யார் எந்த மாத்திரை வாங்குகிறார் என்பது இருக்கிறது. மனநல மருந்து வாங்குகிறவர், குழந்தைக்காகச் சிகிச்சை எடுப்பவர், எல்லாம் தெரியும், எல்லோரும் நமக்குத் தெரிந்த ஊர்க்காரர்கள். என் மாணவி பழகுவதற்காகப் போட்டபோது மாமாவே, "உண்மையான பேரு ஒண்ணுகூட இதுல இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். பெயர்களையெல்லாம் மாற்றித்தான் ஏற்றினாள். மருந்துக்கடைக்காரருக்கு இருந்த அந்த ஜாக்கிரதை, இப்போது 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமாகவும் வந்திருக்கிறது. நீங்கள் பழகும்போதும் கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, பெயர்களை மாற்றிவிட்டுச் செய்யுங்கள்.

ஆரம்பிக்க நினைக்கிற தம்பி தங்கைகள் இந்த வாரம் உங்கள் தெருவில் ஒரு கடையைப் பிடியுங்கள். இஸ்திரிக் கடை, பால் டெப்போ, டியூஷன் சென்டர், பந்தல் சாமான் வாடகைக்கு விடுகிற இடம், எதுவானாலும் சரி. பந்தல் சாமான் நல்ல சவால். 200 நாற்காலி போய் 197 திரும்பி வரும், அந்த மூன்றை எங்கே எழுதுவீர்கள்? அட்டவணைகளைப் பேப்பரில் வரைந்து போட்டோ எடுத்து கமெண்டில் போடுங்கள். நான் பார்க்கிறேன், எனக்குப் பிடிபடாததை என் மாணவர்கள் பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இன்பாக்ஸில் ரெஸ்யூம் அனுப்பாதீர்கள், வேலை வாங்கிக் கொடுக்க எனக்கு வழியில்லை. சூப்பர் மார்க்கெட்டும் வேண்டாம், முதல் முயற்சிக்கு அது ரொம்பப் பெரிது.